மலையில வெயில் ஏறினா ஓடையும் ஏறும்

பனி உருக ஆரம்பிச்சாச்சு, எங்க எமர்ஜென்சி வார்டுல அதே கேஸும் வர ஆரம்பிச்சாச்சு. மலையடிவாரத்துல வேலை பார்க்குற டாக்டர் நான். இந்த சீசன்ல ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்க நிறைய பேர் பனிப்புயல்ல மாட்டினவங்க இல்லை, நல்லா வெயில் அடிச்ச நாள்ல ஓடையைத் தாண்டப் போய் விழுந்தவங்க. கடைசியா வந்தவரோட நண்பர் அழுதுக்கிட்டே திரும்பத் திரும்ப ஒண்ணைத்தான் சொன்னார்: "காலையில இதே இடத்துலதான் டாக்டர் தாண்டினோம், முழங்காலுக்குக்கூட தண்ணி இல்ல." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போயிடுச்சு, அதனாலதான் எழுதுறேன்.

காலையில முழங்காலுக்குக் கீழ இருந்த ஓடை சாயங்காலம் இடுப்புக்கு வரும். இதைப் புரிஞ்சுக்கோங்க தயவுசெஞ்சு. ராத்திரி குளிர்ல மேல இருக்கிற பனி இறுகிடும், உருகுறது குறைஞ்சிடும், அதனால விடியற நேரத்துல ஓடை அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏற பனி உருகும், ஆனா அந்தத் தண்ணி உடனே உங்க கால்கிட்ட வந்துடாது, மேல இருந்து இறங்கி வர பல மணி நேரம் ஆகும். அதனால மதியம் உருகினது நீங்க களைச்சுப் போய்த் திரும்பி வர்ற சாயங்காலத்துலதான் கீழ வந்து சேரும், சில பெரிய ஓடையில ராத்திரிதான் உச்சம். வானத்துல ஒரு மேகம் இல்லாம, மழை ஒரு துளி விழாம இவ்வளவும் நடக்கும். "இன்னைக்கு வெதர் சூப்பர்"னு கிளம்புறீங்க பாருங்க, அந்த சூப்பர் வெதர்தான் தண்ணியை ஏத்துது. ராத்திரியும் உறையாம ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்ல சூடா இருந்தா காலையிலகூட தண்ணி குறையாது, ஈரப் பனிச்சரிவும் அப்பதான் அதிகமா வரும்.

இன்னொண்ணு, ஆழத்தை மட்டும் பார்க்காதீங்க. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது உங்க மேல தள்ளுற விசை நாலு மடங்காகும். வேகமா ஓடுற தண்ணி முழங்கால் அளவு இருந்தாலே நல்ல திடகாத்திரமான ஆளைக் கவுத்துடும். ஓடைக்கு மேல பாலம் மாதிரி பனி மூடியிருந்தா அதையும் நம்பாதீங்க, அடியில தண்ணி அரிச்சு அரிச்சு மேல ஓடு மட்டும்தான் நிக்கும்.

உருகின பனித் தண்ணி கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியிலதான் இருக்கும். விழுந்த முதல் நிமிஷம் மூச்சு நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, வாய் தானா திறந்து இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா அதோட முடிஞ்சது. அதைத் தாண்டினா கை காலை உருப்படியா அசைக்க ஒரு 10 நிமிஷம் கிடைக்கும். குளிர்ல நினைவு தப்ப கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். நிறைய பேருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஞாபகம் இருக்கு, முதல் நிமிஷத்தை யாரும் யோசிக்கிறதில்ல. நீச்சல் தெரியும்ங்கிறதெல்லாம் அங்க பெருசா உதவாது.

உடனே யாராவது நார்வே கதையைச் சொல்லுவாங்க. ஆமா, 1999 மே 20, அன்னா போகென்ஹோம்ங்கிற டாக்டர் ஸ்கீயிங் போனப்ப பனிக்கட்டி மூடியிருந்த ஓடைக்குள்ள விழுந்து 80 நிமிஷம் மாட்டிக்கிட்டாங்க, உடம்பு வெப்பம் 13.7 டிகிரி வரைக்கும் இறங்கியும் பொழைச்சாங்க. மாசத்தைக் கவனிங்க, மே, அங்க பனி உருகுற இதே சீசன். அவங்களுக்குப் பனிக்கட்டிக்கு அடியில மூச்சு விட ஒரு காத்து இடைவெளி கிடைச்சது, கூட இருந்தவங்க உடனே உதவி கூப்பிட்டாங்க, ஹெலிகாப்டர் வந்தது, ரத்தத்தை வெளிய எடுத்து சூடாக்குற மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரி கிடைச்சது. அப்பவும் தேறி வர மாசக்கணக்காச்சு. இதுல ஒண்ணு கிடைக்கலன்னாலும் கதை வேற.

சரி, என்ன செய்யணும். தாண்ட வேண்டிய ஓடை இருந்தா போக வர ரெண்டு தடவையும் காலையிலேயே தாண்டுற மாதிரி பிளான் போடுங்க, முடியலன்னா அந்த ரூட்டை விடுங்க. அகலமா, மெதுவா ஓடுற இடம் தேடுங்க, கீழ அருவியோ விழுந்த மரமோ இருந்தா இறங்கவே இறங்காதீங்க. பேக்பேக் இடுப்பு பெல்ட்டை முதல்லயே கழட்டி விடுங்க. ஷூ கால்லயே இருக்கட்டும். இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்குறது ரொம்ப ஆபத்து, தண்ணி உங்களை அமுக்கிப் பிடிச்சுக்கும், கயிறு விடாது. விழுந்துட்டா மல்லாந்து, கால் தண்ணி போற பக்கம் இருக்கணும். ஓடுற தண்ணியில எழுந்து நிக்கப் பார்க்காதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டும். சாயங்காலம் வந்து பார்த்தா தண்ணி ஏறியிருக்கா? அந்தக் கரையிலேயே ராத்திரி உக்காருங்க. குளிரும், பசிக்கும், ஆனா காலையில நடந்தே வீட்டுக்குப் போவீங்க. அதுக்குத்தான் சின்ன ட்ரெக்குக்குக்கூட ஜாக்கெட், டார்ச், ஒரு பிளாஸ்டிக் ஷீட் எடுத்துட்டுப் போங்கன்னு கெஞ்சுறோம்.

நனைஞ்சவரைக் காப்பாத்துறேன்னு கையைக் காலைப் பரபரன்னு தேய்க்காதீங்க, பிராந்தி ஊத்தாதீங்க. ஈரத்துணியைக் கழட்டி, காய்ஞ்சதைப் போட்டு, தரைக்கும் உடம்புக்கும் நடுவுல ஏதாவது விரிச்சு, வெளிய பிளாஸ்டிக்கால சுத்துங்க. நல்ல நினைவோட இருந்தா மட்டும் சூடா, இனிப்பா குடிக்கக் கொடுங்க. நடுங்கிக்கிட்டு இருந்தவர் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திட்டு உளற ஆரம்பிச்சா "தேறிட்டார்"னு நினைக்காதீங்க, மோசமாகிட்டார்னு அர்த்தம். அவரை நடக்க விடாம, குலுக்காம, படுத்த நிலையிலயே வைங்க, அந்தக் குளிர்ல இதயம் சின்ன அதிர்ச்சிக்கே தாளம் தப்பும்.

அப்புறம், பனி உருகி முடியுற வரைக்கும் மலை ரோட்டுல பூட்டி வைக்கிற அந்த கேட். "பொது நிலம்தானே, எங்க உரிமைதானே"ன்னு ஏறிக் குதிச்சவங்களையும் நான் பார்க்குறேன். பொது நிலம்தான், யாரும் மறுக்கல. ஆனா ரோட்டுல பனி இல்லைன்னா மலை தயார்னு அர்த்தமில்ல. அமெரிக்காவுல யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள்ள போற டியோகா மலை ரோடு 2023ல ஜூலை 22 அன்னைக்குத்தான் திறந்துச்சு, அந்த அளவுக்குப் பனி. ஊறின மண் மேல வண்டி போனா தடம் ஆழமாப் பதிஞ்சு, அடுத்து வர்ற தண்ணியெல்லாம் அந்தத் தடத்துல ஓடி பாதையையே அரிச்சுடும். மானும், எல்க்ங்கிற பெரிய மானும் சேர்த்து வச்ச கொழுப்பைக் குளிர்காலம் முழுக்கக் கரைச்சு, சினையா, எலும்பும் தோலுமா நிக்கிற மாசம் இது, நம்மளைப் பார்த்து ஓடுற ஒவ்வொரு ஓட்டமும் அதுக்கு நஷ்டம். உங்களுக்கு ஏதாவது ஆனா கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வராது, ரெஸ்க்யூ ஆளுங்க அதே சேத்துல நடந்துதான் ஸ்ட்ரெச்சரைத் தூக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஏரியா வனத்துறை ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்க, எது திறந்திருக்கு, எந்த ஓடை ஏறியிருக்குன்னு நல்லாவே சொல்லுவாங்க.

எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. நேரம் தாண்டினா தயங்காம ரெஸ்க்யூவைக் கூப்பிடச் சொல்லுங்க, பொழுது இருக்கும்போதே கூப்பிட்டா தேடுறதும் சுலபம், ஹெலிகாப்டர் கிடைக்கிற வாய்ப்பும் அதிகம்.