ஔவையாரைக் காணவில்லை

ஒரு கட்டுரைத் தொகுப்புக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஔவையார் வருகிற புத்தகம். கோப்பில் ‘ஔவையார்’ என்று தேடினால் மூன்றே இடங்களைக் காட்டுகிறது. எதிரே திரையில் இருப்பவரையே கணினிக்குத் தெரியவில்லை! எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தட்டியவர் ‘ஔ’ என்ற ஓரெழுத்தைத் தட்டவில்லை. ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருந்தார். ‘ஒளவையார்’. கண் இதை மன்னித்துவிடும். வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளோ ‘ஒ-ள-வையார்’ என்று படிக்கும். அகரவரிசைப்படுத்தினால் பாட்டியை ‘ஒளி’க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கும்.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். தொடக்கத்தில், பிழை என்றால் எழுதியவருக்குத் தமிழ் போதவில்லை என்றே நினைப்பேன். ‘இவ்வளவு படித்தவருக்கு ல, ள தெரியாதா’ என்று உதட்டைப் பிதுக்கியதும் உண்டு. இப்போது இரண்டு பக்கம் படித்தால் போதும், ஆள் எந்த விசைப்பலகைக்காரர் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பலகையும் தன் கைரேகையை விட்டுவிட்டுத்தான் போகிறது.

அதிகம் பேர் கைவைப்பது ஒலிபெயர்ப்புப் பலகையில். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும். புதிதாகப் பழக ஒன்றுமில்லை. அதன் ரேகை ஷிஃப்ட் விசையில் இருக்கிறது. ல-வுக்கும் ள-வுக்கும், ன-வுக்கும் ண-வுக்கும், ர-வுக்கும் ற-வுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு விசைதான். சுண்டுவிரல் கொஞ்சம் பிந்தினால் பூ ‘மனம்’ வீசும், பையன் ‘பல்லி’க்குப் போவான். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘ந’. இவ்வகைப் பலகைகள் பலவற்றில் ஆங்கில ‘என்’ (n) விசை சொல்லின் முதலில் ‘ந’ ஆகும், நடுவில் ‘ன’ ஆகும். வசதிதான். ஆனால் ஓட்டுநர், இயக்குநர், அநீதி, முந்நூறு என்று நடுவிலும் ‘ந’ கேட்கிற சொற்கள் இருக்கின்றனவே? அதற்கென்று தனி வழி வைத்திருக்கிறார்கள். ‘அஞ்சல்’ என்ற ஒலிபெயர்ப்பு முறையில் ‘டபிள்யூ’ விசை. அது தெரியாதவர் ‘ஓட்டுனர்’, ‘முன்னூறு’ என்று தட்டித் தட்டி, ஒரு கட்டத்தில் அதுதான் சரி என்றே நம்பத் தொடங்குகிறார். நான் திருத்தி அனுப்பினால் சண்டைக்கு வருகிறார். விரலில் பிறந்த பிழை தலைக்கு ஏறிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

தமிழ்99 பலகைக்காரர்களிடம் ல, ள குழப்பம் குறைவு. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி விசை. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட முறை. ‘க’வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ வரும். ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தால் ‘ந்த’ ஆகும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நானும் இதில்தான் தட்டுகிறேன், அதனால் கொஞ்சம் சாய்வாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தானியங்கிப் புள்ளிதான் ‘வந்த்து’, ‘இருந்த்து’ என்ற பிழைகளுக்குத் தாய். ‘வந்தது’ என்பதில் இரண்டு த அடுத்தடுத்து நிற்பதால், சில மென்பொருள்கள் முதல் த-வுக்குப் புள்ளி வைத்துவிடும். நடுவில் ஒரு ‘அ’ தட்டினால் தீர்ந்தது. ‘நதி’யும் இப்படித்தான்: ந, அ, த, இ. ‘அ’வை விட்டால் ‘ந்தி’.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் வேகத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பொறியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். இன்றைய கணினிகளின் பொதுக் குறிமுறையான யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இந்த முன்பின் மாறும் இடத்தில்தான் புள்ளி வட்டத்தோடு அநாதையாக ஒரு கொம்பு நிற்கும். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே வடிவம் வேறு. அந்தப் பழக்கம்தான் ‘மெளனம்’, ‘பெளர்ணமி’ என்று இன்றும் தொடர்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் கதை தலைகீழ்: மாற்றும் மென்பொருள் ஊகித்து ஊகித்து ‘வெளிநாடு’ என்பதை ‘வௌிநாடு’ ஆக்கிவைத்திருக்கும். அவசரப்பட்டு ‘ெள’ எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். மௌனம் சரியாயிற்று, வெள்ளம், தெளிவு, வெளியீடு எல்லாம் நாசமாயின. ‘மெளன’, ‘பெளர்’, ‘கெளத’ என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுவதே பிழைப்பு.

கைபேசிப் பிழை இதிலெல்லாம் சேராது. அங்கே விரல் பாதிச் சொல்தான் தட்டுகிறது, மீதியைப் பரிந்துரைப் பட்டை முடிக்கிறது. எழுத்துப்பிழையே இருக்காது, சொல்லே வேறாக இருக்கும்.

இப்போதெல்லாம் கையெழுத்துப் படி வந்தவுடன் நான் அனுப்பும் முதல் கேள்வி, “எந்தப் பலகையில் தட்டினீங்க?” என்பதுதான். போன வாரம் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: “முதல் நாலு அத்தியாயம் தமிழ்99 சார். மிச்சம் போன்ல, கட்டை விரலால.” ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் காகிதத்தில் அச்செடுத்து, மேசையில் தனியாக வைத்திருக்கிறேன்.