லாரியைச் சுற்றி இருப்பது காலி இடமா?

தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஒருமுறை என்னைக் கேபினில் ஏற்றி, ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது, என்ஜின் அணைந்திருந்தது. "தம்பி, உங்க பைக் எங்க நிக்குதுன்னு இங்கேருந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிடம் முன்புதான் நானே அதை நிறுத்திவிட்டு ஏறியிருந்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கக் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஜன்னலில் மரக்கிளையும் வானமும். பக்கக் கண்ணாடியில் லாரியின் நீண்ட விலாவும் பின்னால் சாலையும். கதவுக்கு மேலே, செங்குத்தாகக் கீழே பார்ப்பதற்கென்றே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கோ கிளையில் இடித்துத் திரும்பிப்போய், கதவின் பெயின்ட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழு பைக் இரண்டு மீட்டர் தூரத்தில் காணாமல் போயிருந்தது.

பைக் ஓட்டுகிறவரின் கண் இடைவெளி தேடியே பழகியது. கார் நுழைய முடியாத சந்தில் நாம் நுழைவோம். நெரிசலில் நமக்கு இருக்கும் ஒரே சலுகை அதுதான். லாரிக்குப் பக்கத்தில் அந்தப் பழக்கமே எதிரியாகிவிடுகிறது. லாரியின் முன்னால், பக்கத்தில், பின்னால், திருப்பத்தின் உள்பக்கம் என்று காலியாகத் தெரிகிற ஒவ்வொரு இடமும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் காலியாக இருக்கிறது. அந்தக் காரணங்கள் எல்லாம் பள்ளிக்கூட இயற்பியலுக்குள் அடங்கிவிடும்.

முன்பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஓட்டுநரின் கண் சாலையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு கண்ணுக்கு 1 மீட்டர் முன்னால், அரை மீட்டர் கீழே. அப்படியானால் அவருடைய பார்வைக்கோடு ஒவ்வொரு மீட்டருக்கும் அரை மீட்டர்தான் இறங்கும். தரையைத் தொடும்போது கண்ணாடியிலிருந்து 4 மீட்டர் தாண்டியிருக்கும். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால், அவர் கண்ணாடியிலிருந்து குறைந்தது 1 மீட்டராவது முன்னால் இருந்தால்தான் ஹெல்மெட்டின் உச்சி லேசாகத் தெரியத் தொடங்கும். சிவப்பு விளக்கில் நிற்கும் லாரியின் மூக்குக்கு முன்னால் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இருக்கிறதே என்று பக்கவாட்டில் நுழைந்து, குறுக்கே வண்டியைச் சாய்த்து நிற்கிறவர் சரியாக அந்த 1 மீட்டருக்குள் நிற்கிறார். விளக்கு பச்சையாகிறது. ஓட்டுநரைப் பொறுத்தவரை முன்னால் யாரும் இல்லை.

ஐரோப்பாவில் புதிய கனரக லாரிகளுக்கு இந்த இடத்தைக் காட்டவென்றே கேபினின் முன்மேல் விளிம்பில் ஒரு கண்ணாடியோ அதற்கு ஈடான கேமராவோ கட்டாயம். லண்டன் இன்னும் ஒரு படி போய், ஓட்டுநர் கண்ணாடியின் துணையில்லாமல் நேர்ப்பார்வையில் எவ்வளவு பார்க்கிறார் என்பதை அளந்து லாரிகளுக்கு 0 முதல் 5 நட்சத்திரம் கொடுக்கிறது. 2021 முதல் அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் நகருக்குள் அனுமதி. தேறாத லாரிகள் கேமரா, சென்சார் பொருத்திக்கொண்டு வரவேண்டும். கண்ணாடி மேல் கண்ணாடியாக மாட்டிக்கொண்டே போவதில் ஒரு சிக்கல் உண்டு. நட்சத்திரத் திட்டத்தின் பின்னாலும் இருப்பது அதுதான். மனிதருக்கு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உற்றுப் பார்க்க முடியும். லாரியில் ஆறு கண்ணாடிகள் இருந்து, அவற்றைச் சுற்றிப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் அரை நொடி என்றால் மொத்தம் 3 நொடி. லாரியைவிட மணிக்கு 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வரும் பைக் அதற்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் முன்னேறிவிடும். முதல் கண்ணாடியில் அவர் பார்த்தது, கடைசிக் கண்ணாடிக்கு வரும்போது பழைய செய்தி. போதாததற்கு இவை குவியாடிகள். பரப்பை அதிகம் காட்டுவதற்காக உருவத்தைச் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிவதை மூளை தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீ தெரியமாட்டாய் என்று சொல்வார்கள். இது வெறும் அறிவுரை மாதிரி இருக்கும், உண்மையில் ஒளியியல். ஒளி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் திரும்பியும் வரும். ஆனால் இதைத் திருப்பிப்போட்டுச் சொல்ல முடியாது. முகம் தெரிந்தால் அவர் உங்களைப் பார்க்க முடியும் என்றுதான் அர்த்தம். பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

பார்த்தாலும் கணிப்பு பிசகலாம். ஹாரி ஹர்ட் தலைமையில் அமெரிக்க ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனத்தின் ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. 1990-களின் தொடக்கத்தில் உளவியலாளர் பட்ரீசியா டெலூசியா செய்த சோதனைகள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. பெரியதும் சிறியதுமாக இரண்டு பொருள்கள் நம்மை நோக்கி வந்தால், சிறியதுதான் தாமதமாக வந்துசேரும் என்று நினைத்துவிடுகிறோம், அது முந்தி வரவிருந்தாலும்கூட. நேரே வரும் பைக் நெடுநேரம் ஒரு புள்ளியாகவே இருக்கிறது. பிறகு திடீரென்று வீங்குகிறது.

திருப்பத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இதைவிட அநியாயமான பொறி சாலையில் இல்லை, ஏனென்றால் இதில் லாரி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போவதில்லை.

லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது. உள்ளே ஒதுங்கி, திருப்பத்தைச் சீவிக்கொண்டு போகும். எவ்வளவு உள்ளே என்பதை பித்தாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். வட்டத்தின் மையம், பின்அச்சு, முன்அச்சு மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். அச்சுகளுக்கு நடுவே 6 மீட்டர் நீளமுள்ள லாரி, முன்அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரத்தில் போகும்படி வட்டமடித்தால், பின்அச்சு போகும் ஆரம் 8 மீட்டர். 2 மீட்டர் உள்ளே வந்துவிட்டது. டிரெய்லர் என்றால் கணக்கு இன்னும் மோசம். இழுக்கும் வண்டி 4 மீட்டர், பின்னால் 8 மீட்டர், முன்அச்சின் ஆரம் 12 என்று போட்டுப் பாருங்கள். 144-இலிருந்து 16-உம் 64-உம் போக மீதி 64. கடைசி அச்சின் ஆரம் 8 மீட்டர். ஒரு முழு லேன் அகலத்துக்கும் மேலாக, 4 மீட்டர், உள்ளே. சாதாரண முனைத் திருப்பம் முழு வட்டம் இல்லை என்பதால் இந்த அளவு முழுதாக வராது, ஆனால் அந்தத் திசையில்தான் போகும்.

ஓட்டுநருக்கு இது நன்றாகத் தெரியும். பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமலிருக்க அவர் முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, அகலமாக எடுத்து, பிறகு திருப்புவார். அந்த ஒரு கணத்தில் உள்பக்கம் ஓர் அழகான இடம் திறக்கிறது. லாரி வேறு எங்கோ ஒதுங்கி நமக்கு வழிவிடுகிறது என்று தோன்றும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மினுக்கும், வண்டி மறுபக்கம் நகரும். கண் நகர்வைத்தான் நம்பும். நுழைந்தபின் முன்பகுதி நம்மைத் தாண்டித் திரும்பத் தொடங்குகிறது, லாரியின் விலா பக்கவாட்டில் நெருங்குகிறது, நடைபாதை விளிம்பு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே மூடுகிற கத்தரிக்கோல். சரக்குத் தளம் பல லாரிகளில் நம் இடுப்புக்கு மேல் இருக்கும். அச்சுகளுக்கு நடுவே கீழே வெறும் திறப்பு. விழுகிற உடலை உள்ளே விடாமல் வெளியே தள்ளத்தான் அங்கே பக்கத் தடுப்புக் கம்பி வைக்கிறார்கள். அது இல்லாத லாரியும் ஓடத்தான் செய்கிறது.

நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் தெரியும் இடைவெளி வேறு வகை. கனமாக இருப்பதால்தான் லாரி நிற்க நேரமாகிறது என்று எல்லோரும் சொல்வோம். கொஞ்சம் யோசித்தால் அது அப்படியே சரியில்லை: எடை கூடினால் டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடும், எடை கணக்கிலிருந்து விழுந்துவிடும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. நீண்ட உழைப்புக்காக லாரி டயரின் ரப்பர் கடினமாகச் செய்யப்படுகிறது, பிடிப்பு குறைவு. ஏர் பிரேக்கில் மிதியை மிதித்ததும் அழுத்தக் காற்று குழாய் வழியே ஓடிப்போய் பிரேக் அறையை நிரப்பவேண்டும், அதற்கு நொடியில் ஒரு பங்கு போய்விடும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். உலர்ந்த சாலையில் பைக் நொடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைத்தால் பிரேக் பிடித்தபின் 35 மீட்டரில் நிற்கும். லாரி 5 மீட்டர் வீதம் குறைத்தால் 49 மீட்டர். காற்று ஓடும் அரை நொடிக்கு இன்னும் 11. ஆக 60. அந்த 25 மீட்டர் வித்தியாசத்தைத்தான் ஓட்டுநர் முன்னால் காலியாக விட்டு வருகிறார், நாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைக்கும்போது நம் பிரேக் விளக்கு எரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை வேறு வழியில் திரும்பி வரும், வெப்பமாக. 40 டன் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 1 கோடி ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. ஒவ்வொரு முழு நிறுத்தத்திலும் இவ்வளவு வெப்பம் பிரேக்குக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் அது ஆற நேரம் கிடைக்காமல் பிரேக் பிடிப்பை இழக்கிறது. மலைச்சாலையில் லாரிக்கு முன்னால் போகும்போது மூக்கில் எரிந்த வாடை வந்தால் அதன் பொருள் இதுதான்.

காற்றைப் பற்றி பைக்காரர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை, உடம்பே அறியும். லாரியின் முன்மூலை காற்றைக் கிழித்துப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதைத் தாண்டியதும் விலாவை ஒட்டி அழுத்தம் குறைகிறது. முந்தும்போது பின்னாலிருந்து வருவதால் முதலில் உள்ளே இழுப்பதுபோலவும், முன்மூலையில் வெளியே தள்ளுவதுபோலவும் இருக்கும். குறுக்குக் காற்றடிக்கும் நாளில் இது இரட்டிப்பாகும். காற்று லாரியின் அந்தப் பக்கமிருந்து வருகிறது, நாம் அதற்கு எதிராக, அதாவது லாரியை நோக்கி, லேசாகச் சாய்ந்தபடி ஓட்டுகிறோம். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று அறுந்துவிடுகிறது, சாய்வு மட்டும் மிஞ்சுகிறது. மறைவைத் தாண்டி வெளியே வந்ததும் முழு வீச்சில் அறை. காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 45 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 கிலோ எடை அழுத்துவதுபோல் தள்ளினால், 90-இல் அது கிட்டத்தட்ட 40 கிலோ.

பின்பக்கம்தான் சுகமான இடம். காற்று இல்லை, இரைச்சல் குறைவு, வண்டி லேசாக ஓடும். 10 மீட்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவரை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். நான் யோசிப்பது சாலையில் கிடக்கும் ஒரு செங்கல்லைப் பற்றி. லாரியின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே தாராளமாக இடம் உண்டு, அடிப்பகுதியும் உயரம். செங்கல் நடுவில் கிடந்தால் ஓட்டுநர் பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை, மேலே தாண்டிப் போய்விடுவார். பின்னால் 10 மீட்டரில், 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அந்தச் செங்கல் லாரியின் அடியிலிருந்து வெளிப்பட்டு முன்சக்கரத்தை அடைய அரை நொடிகூட ஆகாது. கண் பார்த்து கை அசைவதற்கே அதைவிட அதிக நேரம் வேண்டும்.

கேபினிலிருந்து இறங்கி என் பைக்கிடம் போனேன். நிறுத்திய இடத்திலேயே நின்றது, லாரியின் முன்டயரிலிருந்து இரண்டு சாண் தள்ளி. அப்போதுதான் கவனித்தேன், டயரின் மேல்விளிம்பும் என் பெட்ரோல் டேங்கும் ஒரே உயரம். மேலே ஓட்டுநர் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் முகம் வந்தது. "இப்பத் தெரியுது" என்றார்.