பாறையைத் தின்னும் மழை

பிரான்ஸின் தென்மேற்கில், லொட் மாவட்டத்தில், ரொக்கமதூர் என்ற ஊர் செங்குத்துப் பாறை ஒன்றில் பல்லி போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வீடுகள், அவற்றின் தலைமேல் தேவாலயங்கள், அதற்கும் மேலே கோட்டை. இடைக்காலம் தொட்டு யாத்திரிகர்கள் 216 படிகள் ஏறி இங்கே வந்து கும்பிடுகிறார்கள். எல்லார் பார்வையும் மேலேயே இருப்பதால் கீழே ஓடும் அல்சூ ஆற்றை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கோடையில் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆறே இருக்காது, கூழாங்கற்கள்தான் கிடக்கும். இத்தனை ஆழமான பள்ளத்தாக்கை அறுத்த தண்ணீர் எங்கே போனது?

தரைக்கடியில் போனது. அந்த வட்டாரத்தில் அது சகஜம். கிழக்கே தெமின் என்ற சிற்றூரில் இன்னும் வெளிப்படையாகப் பார்க்கலாம். களிமண் நிலத்தில் ஒழுங்காக ஓடிவரும் ஓடை ஒன்று, சுண்ணாம்புக்கல் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பாறையின் காலடியில் நுழைந்து மறைந்துவிடுகிறது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஊய்ஸ் ஆற்றின் ஊற்றுகளில் அந்தத் தண்ணீர் மறுபடி வெளியே வருகிறது. இடையில் உள்ள மேட்டுநிலத்தில் ஓக் மரப் புதர், ஆடுகள், சாந்து வைக்காமல் அடுக்கிய கற்சுவர்கள். மழை போதுமான அளவு பெய்தாலும் மேலே தண்ணீர் நிற்காது. இத்தகைய மேட்டுநிலத்துக்கு உள்ளூரில் ‘கொஸ்’ என்று பெயர்.

கொஸ் முழுக்கச் சுண்ணாம்புக்கல். டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் சிப்பிகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை அது. வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். சுத்தமான தண்ணீரில் அது கரைவது மிகமிகக் குறைவு. ஆனால் மழை சுத்தமான தண்ணீர் அல்ல. வானத்திலிருந்து இறங்கும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கியதும்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, மண்ணின் துளைகளில் இருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல பத்து மடங்கு சேர்ந்திருக்கும். அதைக் குடித்த தண்ணீர் வீரியம் குறைந்த சோடாவாகிவிடுகிறது. சோடாவில் நாக்கைக் கடிக்கிற அதே கார்பானிக் அமிலம்தான் பாறையையும் கடிக்கிறது. கல் கால்சியம் பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரோடு போய்விடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமிலம் முழுவதும் முதல் சில மீட்டரிலேயே செலவாகிவிட்டால் மேல்தோல்தான் அரிக்கும். ஆழத்தில் குகை உண்டாக வழியில்லை. நல்லவேளை, தண்ணீரில் சுண்ணாம்பு நிறைய நிறையக் கரைக்கும் வேகம் அடியோடு குறைந்துவிடுகிறது. அதனால் கடைசிக் கொஞ்சம் பசியை மிச்சம் வைத்துக்கொண்டே தண்ணீர் வெகுதூரம் உள்ளே போகிறது. விரிசல் சற்று அகன்றால் அதில் தண்ணீர் கூடுதலாக ஓடும். கூடுதலாக ஓடினால் இன்னும் அகலும். பணம் இருக்கிற இடத்துக்கே பணம் போய்ச் சேருகிற கதைதான். ஆயிரம் விரிசல்களில் ஏதோ ஒன்று ஆறாகிறது.

அப்படி ஆனதில் பெரியது பாதிராக். மேய்ச்சல் நிலத்தின் நடுவே, 35 மீட்டர் அகலத்தில், பிரம்மாண்டமான கிணறு போல ஒரு பிலம். ஆழம் 75 மீட்டர். புனித மார்தீன் கோவேறு கழுதையில் வந்தபோது சாத்தான் குதிகாலால் மிதித்து இந்தக் குழியை உண்டாக்கினான், கழுதை ஒரே தாவில் தாண்டிவிட்டது, தோற்ற சாத்தான் அதே குழிக்குள் ஓடி ஒளிந்தான் என்பது ஊர்க்கதை. ஒரு விஷயத்தில் ஊர்க்கதை சரி: குழி மேலிருந்து கீழே தோண்டப்பட்டதல்ல, திடீரென்று தரை போனதுதான். அடியில் ஆறு ஓடிக் குடைந்து பெரிய கூடம் உண்டாகி, அதன் கூரை தன் எடையைத் தாங்க முடியாமல் இடிந்து விழுந்திருக்கிறது. கீழே இறங்கியதும் நம் காலடியில் இருக்கும் கற்குவியல்தான் அந்தப் பழைய கூரை.

1889 ஜூலை 9 அன்று எதுவார் அல்ஃப்ரெத் மார்தெல் தன் கூட்டாளிகளோடு இதற்குள் இறங்கினார். தொழில் வழக்கறிஞர், ஆர்வம் எல்லாம் பூமிக்கடியில். கயிற்று ஏணியில் இறங்கி, மடக்கி எடுத்துவந்த துணிப்படகை ஆற்றில் விட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போனார்கள். பத்தாண்டு ஆவதற்குள் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்றும் தரையிலிருந்து 103 மீட்டர் ஆழத்தில் படகோட்டிகள் அந்த ஆற்றில் பயணிகளைக் கூட்டிப்போகிறார்கள். இதுவரை ஆராயப்பட்ட பாதைகள் 40 கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் காண்பது அதன் வாசற்படியை மட்டுமே. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை 1947-இல் சாயம் கலந்து கண்டுபிடித்தார்கள். சாயம் மோன்வலான் அருகே, தோர்தோஞ் ஆற்றங்கரை ஊற்றுகளில் தலைகாட்டியது.

மார்தெலின் இன்னொரு கண்டுபிடிப்பு அவர் வயிற்றைக் கெடுத்து வந்தது. 1891-இல் லொட் பகுதியில் ஓர் ஊற்றின் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு நோயில் விழுந்தார். மேலே அதோடு தொடர்புள்ள பிலத்தில் செத்த கன்றுக்குட்டி ஒன்று கிடந்தது. மணலில் ஊறிவரும் நீர் வடிகட்டப்பட்டு வரும். சுண்ணாம்புக் குகையில் வரும் நீர் குழாயில் வருவது போல, போட்டதைப் போட்டபடியே கொண்டுவந்து சேர்க்கும். செத்த மாட்டைப் பக்கத்துப் பிலத்தில் தள்ளுவது அன்றைய கிராம வழக்கம். அதைத் தடை செய்து 1902-இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு அவருடைய வாதம் ஒரு காரணம்.

பாதிராக்கில் படகில் போகும்போது கூரையிலிருந்து சுமார் 60 மீட்டர் நீளக் கல்விழுது ஒன்று ஆற்றை நோக்கித் தொங்குகிறது. குடைந்த தண்ணீரே இதைக் கட்டியும் இருக்கிறது. சோடா மூடியைத் திறந்தால் வாயு வெளியேறுவது போல, பாறைக்குள்ளிருந்து கசியும் துளி குகைக் காற்றைத் தொட்டதும் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனால் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தியும் போய்விடும். கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாக அங்கேயே படிகிறது. துளி தொங்குகிற நேரத்தில் மெல்லிய வளையம் ஒன்று, கீழே விழுந்து சிதறிய இடத்தில் இன்னொரு படலம். மேலே விழுது, கீழே கல்முளை. பல குகைகளில் விழுதின் வளர்ச்சி நூறாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில்தான். இன்னொரு இடத்தில் தண்ணீர் படிப்படியாக வழியும் தொட்டிகளைப் பார்க்கலாம். அவற்றின் விளிம்புகளைத் தண்ணீரேதான் கட்டிக்கொண்டது. விளிம்பைத் தாண்டி விழும்போது தண்ணீர் அலைபடும், அலைபட்ட இடத்தில் வாயு வேகமாகப் போகும், அங்கேதான் கால்சைட் கூடுதலாகப் படியும். விளிம்பு உயர்ந்துகொண்டே போகும்.

இதே கணக்கு வடமேற்கே வெசேர் ஆற்றோரம் வேறு விதமாக முடிந்தது. 1940 செப்டம்பர் 12 அன்று மொந்திஞாக் ஊருக்கு அருகே பையன்கள் நான்கு பேர் ஒரு துளை வழியாக இறங்கி லாஸ்கோ குகையைக் கண்டார்கள். காளைகள், குதிரைகள், மான்கள். பெரிய காளை 5 மீட்டருக்கு மேல். ஓவியங்களுக்கு வயது சுமார் 17,000 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல். அவை பிழைத்ததற்குக் காரணம், குகையின் மேல் தண்ணீரைக் கீழே விடாத சுண்ணாம்புக் களிமண் அடுக்கு ஒன்று இருந்ததுதான். சொட்டு இல்லை, அதனால் விழுதும் இல்லை. காளைகள் இருக்கும் கூடத்தின் சுவரில் முன்னமே படிந்திருந்த வெள்ளைக் கால்சைட், வரைந்தவர்களுக்கு வெள்ளையடித்த சுவர் போல உதவியது.

1948-இல் குகையைத் திறந்தார்கள். 1955 வாக்கில் நாளுக்கு 1,200 பேர் வந்தார்கள். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம். வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு. கூடவே ஈரம். ஒவ்வோர் ஆளும் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடும் தருகிறார். இந்த மூன்றும் சேர்ந்து குளிர்ந்த சுவரில் வியர்வை போல நீர்த்துளிகளைப் பூக்கவைத்தன. அவை மறுபடி அதே வீரியம் குறைந்த சோடா. அந்தத் துளி இருக்கும்போது கல்லைக் கரைக்கும், வாயுவை இழந்து உலரும்போது கால்சைட்டை விட்டுப்போகும். சுவரில் வெள்ளைப் படலம் வளரத் தொடங்கியது. மின்விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பாசியும் முளைத்தது. மேலே உள்ள மண்ணின் மூச்சு இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் எட்டாத இடத்துக்கு, மனித மூச்சு பதினைந்தே ஆண்டுகளில் எட்டிவிட்டது. 1963-இல் கலாசார அமைச்சர் அந்த்ரே மால்ரோ குகையை மூடினார். 2001-இல் பூஞ்சை வேறு பரவியது, பிறகு கரும்புள்ளிகள். 1983-இல் ஒரு நகல் குகை, 2016-இல் குன்றின் அடிவாரத்தில் முழுமையான இன்னொரு நகல். நகல்தானே என்று அலட்சியமாகச் சொல்லாதீர்கள், சுவரின் மேடுபள்ளம் வரை அளந்து செய்திருக்கிறார்கள்.

அசல் ஓவியத்தைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால், என் ஓட்டு லொட் மாவட்டத்திலேயே உள்ள பெஷ் மெர்லுக்கு. 1922-இல் இரண்டு இளைஞர்கள் கண்டுபிடித்த குகை. அங்கே உள்ள புள்ளிக் குதிரைகள் சுமார் 29,000 ஆண்டுப் பழமையானவை. அப்படிப் புள்ளி போட்ட குதிரை உண்டா, மந்திரக் குறியா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. அக்காலக் குதிரைகளிலும் புள்ளிக்கான மரபணு இருந்ததை 2011-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. பார்த்ததை வரைந்திருக்கலாம். உள்ளே ஓர் இடத்தில், மேலே நிற்கும் ஓக் மரத்தின் வேர் கூரையைத் துளைத்துக்கொண்டு தரைவரை இறங்கியிருக்கிறது. லாஸ்கோவில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது என்று நாளுக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. கோடையில் போவதானால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டரும் கையில் இருக்கட்டும்.