நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லையா?

மழை நாளில் வேடந்தாங்கல் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: பறவை பார்க்கும் கோபுரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தபோது கூழைக்கடாக்கள் மழையைச் சட்டைசெய்யவே இல்லை. மழை விட்டதும் நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்துக் காயப்போட்டது. அதற்கு எண்ணெய்ச் சுரப்பி கிடையாது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னாராம். உண்மையா?

இல்லை. வாலடியில் அந்தச் சுரப்பி நீர்க்காகத்துக்கும் உண்டு. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பிருந்தே சுற்றும் கதை இது.

பறவைகள் இறகில் பூசிக்கொள்ளும் அந்த எண்ணெய் தண்ணீரை விலக்கும், சரி. ஆனால் அதனால் ஆவது கொஞ்சம்தான். வழுவழுப்பான பரப்பில் மெழுகு தேய்த்துச் சொட்டு விட்டால், தொடுகோணம், அதாவது சொட்டின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம், சுமார் 110 பாகை. வாத்தின் இறகில் அது 150-ஐ நெருங்குகிறது. சொட்டு ஏறக்குறைய முழு உருண்டையாகிவிடும், லேசாகச் சாய்த்தாலே ஓடும். மிச்ச 40 பாகை எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து! இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் கிளம்புகின்றன. ஒவ்வோர் இழையிலும் அதைவிட நுண்ணிய இழைகள், அவற்றில் கொக்கிகள். அந்தக் கொக்கிகள் பக்கத்து இழையைப் பிடித்துக்கொண்டு இடைவெளியைச் சீராக வைக்கின்றன. மழைத்துளி இழைகளின் முதுகில்தான் உட்காருகிறது. அதன் அடியில் பெரும்பகுதி வெறும் காற்று. உள்ளே இறங்க வேண்டுமானால் தண்ணீரின் பரப்பு வளைந்து விரிய வேண்டும், பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசை அதற்கு விடாது. குடைத்துணியில் ஓட்டைகள் இருந்தும் ஒழுகாததும் இதனால்தான். மழை நின்றதும் பறவைகள் மணிக்கணக்கில் கோதுவதைத் தொலைநோக்கியில் பாருங்கள்: இழை இழையாக அலகுக்குள் இழுத்து, கழன்ற கொக்கிகளை மாட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குக் கணக்குப் போட்டவர்கள் பறவையியலாளர்கள் அல்ல. இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையத்தில் துணி நனைவதை ஆராய்ந்த கேசி, பாக்ஸ்டர் என்ற இருவர். ஆண்டு 1944, உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். 'வாத்து ஏன் நனைவதில்லை' என்று இன்று நம் ஊரில் நிதி கேட்டு விண்ணப்பித்தால், இதனால் யாருக்கு என்ன லாபம் என்றுதான் முதல் கேள்வி வரும்.

நீர்க்காகத்துக்கு வருவோம். பெரிய நீர்க்காகத்தின் இறகில் தண்டை ஒட்டிய பகுதி நெருக்கமாகப் பின்னியது, நனையாது. ஓரங்கள் தளர்வானவை, அங்கே தண்ணீர் புகுந்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் மட்டும் மிஞ்சுவதால் மிதப்பு குறைகிறது, மீனைத் துரத்தி மூழ்குவது எளிதாகிறது. பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை இன்னும் ஒரு படி மேலே: இறகு நன்றாக ஊறி உடல் அமிழ, கழுத்து மட்டும் வெளியே தெரியும். இரண்டுக்கும் விலை ஒன்றுதான், கரையேறிக் காயவேண்டும்.

எண்ணெய் எப்போதும் நல்லது என்பவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவூட்டலாம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் கச்சா எண்ணெய்க் கழிவு பரவி, கூழைக்கடாக்கள் அதில் தோய்ந்தன. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. இழைகளுக்குள் சுலபமாக நுழைந்து அவற்றை ஒட்டவைத்துவிடும், காற்று போய்விடும். மீட்கப்படும் பறவைகளைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுகிறார்கள். சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசியதும், பறவையின் சொந்த எண்ணெயும் சேர்ந்து போன பிறகும், இறகின் மேல் தண்ணீர் மறுபடி உருளத் தொடங்குகிறது.