தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்

சம்பா அறுவடை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ராத்திரி வெளியில் படுப்பவர்கள் அதிகம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய வைக்கவும் முறைக்காகவும் நாள்கணக்கில் குவியலுக்குக் காவல் இருப்பார்கள். அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளும் அப்படித்தான். தைப் பனிக்கு எல்லோருக்கும் கணப்புதான் துணை.

டெல்டாவில் அவசர சிகிச்சை மருத்துவராக இருப்பதால் கணப்பில் சுட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பழகிவிட்டேன். என்னை உலுக்கியது, உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வந்த அண்ணன் தம்பி இருவர். கொடைக்கானல் போக வாங்கிய ஜிப் வைத்த நைலான் கூடாரத்தை நெல் காவலுக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். பனி கொட்டவே, இரும்புச் சட்டியில் தணலை அள்ளி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்கள். விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்த தம்பி வாசலிலேயே சுருண்டு விழுந்தான். அந்தச் சத்தம்தான் இருவரையும் காப்பாற்றியது.

“புகையெல்லாம் அடங்கின பிறகுதான் சார் உள்ள வச்சோம்” என்றான். அவர்கள் அப்பாவும், “நாங்க எத்தனை வருஷமா கொட்டாயில கங்கு வச்சுக்கிட்டுத் தூங்குறோம்” என்றார். இரண்டும் உண்மை. ஆனால் கீற்றுக் கொட்டகையில் நூறு இடுக்கு வழியே காற்று வந்துபோகும். ஜிப் போட்ட நைலானில் போகாது. புகை அடங்கிய தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். வெறும் காற்றைச் சுவாசித்தால் அது பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும்; முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி. பிழைத்தவர்களுக்கும் சில வாரம் கழித்து ஞாபக மறதி வரலாம்.

கணப்பைக் கூடாரத்திலிருந்து 15 அடியாவது தள்ளி, புகை உங்கள் பக்கம் வராத திசையில் போடுங்கள். வாடைக்காற்று திசை மாறும், ஒரு பொறி போதும் வைக்கோல் போருக்கு. ஈர விறகில் பெட்ரோல் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஆவிதான் முதலில் பற்றும், முகத்துக்குத்தான் வரும். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளேயே உயிரோடு கிடக்கும். அப்படி மூடியதைக் காலையில் மிதித்த குழந்தைகளின் பாதங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

உள்ளே குளிரைப் போக்க நெருப்பு வேண்டாம். உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது. தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம்.

கூடாரத்தில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல் என்றால் உடனே வெளியே இழுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அந்த அண்ணன் தம்பிக்கும் இயல்பான 98-ஐத்தான் காட்டியது. கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனிலிருந்து அதனால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் முதல் வார்த்தையாக, “உள்ளே தணல் வைத்திருந்தோம்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும்.