எட்டு முட்டைக் கணக்கு

"முட்டை தீர்ந்துபோச்சு அம்மான்" என்று சொல்லிச் செல்போனை ஆத்தங்குடிக் கல்லில் கவிழ்த்து வைத்தான் அக்கா மகன். கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்தவன், மதியமானால் வளவில் தூணோரம் படுத்துக்கொண்டு போக்கிமான் ஷோடவுன் ஆடுவான். இரண்டு பேர் ஆளுக்கு ஆறு உயிரிகளை வைத்து, ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி மோதும் ஆட்டம் அது. அன்று அவன் நம்பியிருந்தது சேன்ஸி என்ற இளஞ்சிவப்பு உயிரியை. வயிற்றுப் பையில் ஒரு முட்டையைச் சுமந்து நிற்கும். அதற்குப் பெரிதாக அடிக்கத் தெரியாது. அடி வாங்கும், முட்டையைத் தின்று உயிரைத் தேற்றிக்கொள்ளும், மறுபடி அடி வாங்கும். இப்படி எதிராளியைக் களைக்கவைத்து ஜெயிக்கும் முறைக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டால்.

"அடிக்கவே தெரியாததை வச்சு எப்படிடா ஜெயிப்பே?" என்று கேட்டேன். பதில் ஆயாவிடமிருந்து வந்தது. முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாதான் அவனுக்கு ஆயா. "ஏன், ஆடு புலியக் கடிச்சா ஜெயிக்குது?"

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவித் தாவி ஆட்டை வெட்டலாம். ஆட்டால் ஒரு புலியையும் வெட்ட முடியாது. ஆனாலும் விவரமானவர் கையில் ஆடுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், புலிக்கு நகர இடமில்லாமல் அடைத்துவிடும். ஆயாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பழைய பேரேடு ஒன்றின் எழுதாத பக்கங்களில் அன்று மாலைவரை நானும் அவனும் கணக்குப் போட்டோம். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு இவ்வளவு ஆசையாக நான் கணக்குப் போட்டதில்லை.

முதலில் ஓர் அடி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். 1996இல் ஜப்பானில் முதல் போக்கிமான் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து இந்தச் சூத்திரத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. தாக்குகிறவரின் தாக்குதல் எண்ணைத் தாங்குகிறவரின் தற்காப்பு எண்ணால் வகுக்க வேண்டும். அதை வித்தையின் (உயிரி ஒரு முறை செய்யும் செயலுக்கு வித்தை என்று பெயர்) வலுவால் பெருக்கி, லெவல் 100 என்றால் 42ஆலும் பெருக்கி, 50ஆல் வகுத்து, 2 கூட்ட வேண்டும். தாக்குகிறவரின் இனமும் வித்தையின் இனமும் ஒன்றானால் ஒன்றரை மடங்கு. கடைசியாக, வந்த விடையில் 85 முதல் 100 விழுக்காடு வரை ஏதோ ஒன்றைக் கணினி குலுக்கி எடுக்கும்.

இதில் தற்காப்பு எண் வகுக்கும் இடத்தில் இருப்பதுதான் முக்கியம். தற்காப்பை இரட்டித்தால் அடி ஏறக்குறைய பாதியாகும். உயிர் அளவை இரட்டித்தாலும் அதே பயன்தான், இரண்டு மடங்கு அடி தாங்கலாம். ஆகவே ஒரு உயிரியின் தாங்கும் திறன் என்பது உயிர் அளவையும் தற்காப்பையும் பெருக்கி வருவது. இவனுக்கு இதை எங்கள் வீட்டை வைத்தே சொன்னேன். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். அப்படி நீண்டு ஒடுங்கிய மனையின் பரப்பைக் கூட்ட உனக்குப் பத்தடி இடம் இலவசமாகத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள். நீளத்தில் சேர்ப்பாயா, அகலத்தில் சேர்ப்பாயா?

சேன்ஸி அப்படி ஒரு மனை. அதன் அடிப்படை உயிர் எண் 250. அடிப்படைத் தற்காப்பு வெறும் 5. எல்லா உயிரிகளுக்கும் பயிற்சிப் புள்ளிகள் உண்டு, ஆட்டக்காரர்கள் ஈவி என்பார்கள். மொத்தம் 510, உயிர், தாக்குதல், தற்காப்பு போன்ற ஒரு குணத்துக்கு 252க்கு மேல் போட முடியாது, லெவல் 100இல் நான்கு புள்ளி போட்டால் அந்தக் குணம் ஒன்று கூடும். புதிதாக ஆட வருகிறவர்கள், இதன் பலமே உயிர்தானே என்று உயிரிலேயே கொட்டுவார்கள். அவனும் முதலில் அதைத்தான் செய்திருந்தான்.

எதிரில் கார்சோம்ப் நிற்கிறது என்று கொள்வோம். நிலமும் டிராகனும் கலந்த இனம். தாக்குதலில் முழுப் பயிற்சி எடுத்திருந்தால் அதன் தாக்குதல் 359. அதன் எர்த்குவேக் வித்தையின் வலு 100. சேன்ஸியின் கையில் எவியோலைட் என்ற கல் இருக்கிறது. இன்னும் ஒரு படி வளர வேண்டிய உயிரி இதை வைத்திருந்தால் அதன் இரண்டு வகைத் தற்காப்பும் ஒன்றரை மடங்காகும். சேன்ஸி வளர்ந்து பிளிஸ்ஸி ஆகும் என்பதால் அதற்கு இந்தக் கல் பலிக்கும்.

ஒரு புள்ளியும் போடாத சேன்ஸிக்கு உயிர் 641, கல்லோடு சேர்த்துத் தற்காப்பு 69. கார்சோம்பின் அடி அதிகபட்சம் 658. ஒரே அடியில் கதை முடிந்துவிடலாம். உயிரில் மட்டும் 252 போட்டால் உயிர் 704 ஆகும். அதே 658 அடி இப்போது 93 விழுக்காட்டைத் தின்கிறது. சாகவில்லை, அவ்வளவுதான். இனி அந்த 252ஐத் தற்காப்பில் போட்டு, தற்காப்பைப் பத்து விழுக்காடு கூட்டும் சுபாவத்தையும் தேர்ந்தெடுத்துப் பார்ப்போம். தற்காப்பு 178 ஆகிறது. அடி 256க்கு இறங்கிவிடுகிறது, 641இல் 40 விழுக்காடு. இரண்டிலும் போட்டால் 36 விழுக்காடு. ஒடுங்கிய மனையில் அகலத்துக்குக் கொடுத்த ஒவ்வோர் அடியும் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. 93 எங்கே, 40 எங்கே! இந்த வரியை எழுதியதும் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

36 என்ற எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. சேன்ஸி தின்னும் முட்டை, சாஃப்ட் பாய்ல்ட் என்ற வித்தை, உயிரில் சரிபாதியை மீட்கும். 704இல் 352. ஒரு டர்னில், அதாவது இருவரும் ஒரு முறை ஆடும் சுற்றில், வருகிற அடி பாதிக்குக் கீழே இருக்கும்வரை வரவு செலவை மிஞ்சும். பாதியைத் தாண்டிய கணமே கடை திவால். ஸ்டால் ஆட்டம் முழுவதும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. எதிராளி செய்கிற எல்லாமே அடியைக் கோட்டுக்கு மேலே தூக்குவதற்கு, நாம் செய்கிற எல்லாமே அதைக் கீழே அமுக்குவதற்கு. கார்சோம்ப் ஒரு டர்னைச் செலவழித்து ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடினால் தாக்குதல் இரட்டிக்கும், அடி 510 ஆகும். நாக் ஆஃப் வித்தை எவியோலைட்டைத் தட்டிவிட்டால் தற்காப்பு 119க்கு விழும், அடி 382வரை போகும். இரண்டும் 352க்கு மேல். டாண்ட் என்ற சீண்டலோ மூன்று டர்னுக்கு முட்டையையே தொடவிடாது.

சரி, அடி கோட்டுக்குக் கீழேயே இருந்தால் என்றைக்கும் தோற்க மாட்டோமா? அங்கேதான் அவனுடைய முட்டை தீர்ந்தது. ஒவ்வொரு வித்தையையும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கை உண்டு, அதற்குப் பிபி என்று பெயர். முன்பெல்லாம் சாஃப்ட் பாய்ல்டுக்கு அடிப்படையாக 10, உயர்த்தினால் 16. 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளில் அதை 5ஆகக் குறைத்தார்கள், உயர்த்தினால் 8. எர்த்குவேக் பழையபடி 16தான்.

இந்த ஒரு மாற்றம் என்ன செய்கிறது என்று கூட்டிப் பாருங்கள். 16 முட்டை காலத்தில் சேன்ஸியின் மொத்த இருப்பு 704உடன் பதினாறு 352. அதாவது 6336. கார்சோம்ப் பதினாறு எர்த்குவேக்கையும் உச்ச அடியாகவே அடித்தாலும் 4096தான். புலிக்கு நகர இடமில்லை. 8 முட்டை என்றால் இருப்பு 3520. சராசரி அடி 237 என்று வைத்தால் பதினைந்தாவது எர்த்குவேக்கில் சேன்ஸி விழுந்துவிடும். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் சேன்ஸியின் உடம்பிலோ கார்சோம்பின் பல்லிலோ கைவைக்கவில்லை. ஒரு எண்ணை மட்டும் பாதியாக்கினார்கள், வெற்றி பக்கம் மாறிவிட்டது. மிக நுட்பமான வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் அவன் பதினைந்தாவது அடிவரைகூடப் போகவில்லை. பதினொன்றிலேயே விழுந்தான். ஏன் என்று தேடியபோது கிடைத்ததுதான் அன்றைய நல்ல கண்டுபிடிப்பு.

அவன் ஒவ்வொரு அடிக்கும் பயந்து உடனே முட்டை தின்றிருக்கிறான். 237 குறைந்த உடம்பில் 352 ஊற்றினால் 237தான் நிற்கும், மீதி 115 வழிந்து வீண். எட்டு முட்டையும் எட்டு டர்னில் போயின. பிறகு மூன்று அடி, முடிந்தது. இடையில் வேறு வேலை செய்ய அவனுக்குக் கிடைத்தவை இரண்டே டர்ன்.

சிக்கனமாக ஆடினால் எப்படிப் போகும் என்று வரிசையாக எழுதினோம். கார்சோம்ப் வேகமானது, எப்போதும் முந்தி அடிக்கும். முதல் அடியில் 467 மிச்சம், முட்டையைத் தொடாதே. இரண்டாவது அடியில் 230, இப்போது தின்றால் முழு 352உம் உடம்பில் சேரும், 582. மூன்றாவதில் 345, தின்றால் 697. நான்காவதில் 460, தொடாதே. மூன்று டர்னுக்கு இரண்டு முட்டை, ஒரு டர்ன் சும்மா. இப்படியே போனால் எட்டாவது முட்டை பன்னிரண்டாவது டர்னில் தீரும், பதினைந்தாவது அடியில்தான் உயிர் போகும். அதற்குள் சும்மா கிடைத்த டர்ன் ஆறு.

ஸ்டால் உயிரி சம்பாதிப்பது அந்தச் சும்மா டர்ன்களைத்தான். அது தாங்குவதே அதற்காக. ஒரு சும்மா டர்னில் எதிர்ப்பக்கம் கூர்ப்பாறைகளைப் பரப்பலாம், ஸ்டெல்த் ராக் என்று பெயர், 2006 பதிப்பில் வந்தது. அதன் பிறகு களத்துக்கு மாறி வரும் ஒவ்வொரு உயிரியும் பாறை மிதித்து இழக்கும். சாதாரண உயிரிக்கு எட்டில் ஒரு பங்கு, பாறை அடி நான்கு மடங்காக வலிக்கும் சாரிசார்டு போன்ற உயிரிக்குப் பாதி உயிர். இன்னொரு சும்மா டர்னில் அடிக்கத் தெரிந்த கூட்டாளியை அலுங்காமல் இறக்கலாம்.

விஷம் கற்ற உயிரியாக இருந்தால் அந்த டர்ன் இன்னும் விலை கூடியது. டாக்ஸிக் விஷம் முதல் டர்ன் முடிவில் பதினாறில் ஒரு பங்கைத் தின்னும், அடுத்து இரண்டு பங்கு, அடுத்து மூன்று. எங்கள் பக்கத்தில் வட்டிக் கணக்குக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் இதை வட்டிக்கு வட்டி என்று சொல்லத் தோன்றும். அப்படி அல்ல. தினமும் ஒரே அளவாக ஏறும் அபராதம் இது. மொத்தம் 1, 3, 6, 10, 15 என்று குவியும், ஆறாவது டர்னில் 21 ஆகி, இருந்த பதினாறையும் தாண்டிவிடும். 357 உயிருள்ள கார்சோம்பும் ஆறாவது டர்னில் விழும், நாம் ஒரு அடியும் அடிக்காமலே. தப்பிக்க எதிராளிக்கு ஒரு வழி உண்டு, உயிரியை உள்ளே இழுத்துவிட்டால் ஏறிய கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அப்படி இழுத்து இறக்குகிற போதெல்லாம் பாறை காத்திருக்கிறது. ஆயாவின் ஆடுகள் புலியைச் சுற்றி நிற்கிற மாதிரிதான், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு ஆடு. 2022 பதிப்பில் டாக்ஸிக்கையும் பெரும்பாலான உயிரிகளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். டாக்ஸபெக்ஸ் போன்ற சில மட்டும் வைத்திருக்கின்றன. டாக்ஸபெக்ஸுக்கு வேறொரு சொத்தும் உண்டு, ஆட்டத்திலிருந்து உள்ளே போகும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு உயிர் தானாகத் திரும்பும். பிபி செலவே இல்லாத முட்டை அது.

கிரிட்டிகல் அடியைச் சொல்லாமல் விட முடியாது. இப்போதைய பதிப்புகளில் ஒவ்வொரு அடிக்கும் 24இல் ஒரு வாய்ப்பு, விழுந்தால் ஒன்றரை மடங்கு. சின்ன வாய்ப்பாகத் தெரியும். ஆனால் நீண்ட ஆட்டத்தில் சின்ன வாய்ப்புகள் சேர்ந்துகொள்ளும். பதினாறு அடியில் ஒன்றாவது கிரிட்டிகலாக விழுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி. ஆட்டத்தை நீட்டுகிறவர் நீட்டுகிற ஒவ்வொரு டர்னிலும் இந்தச் சீட்டை எதிராளிக்குக் கொடுக்கிறார். 256இன் ஒன்றரை மடங்கு 384. நாங்கள் எழுதிய சிக்கன வரிசையைத் திரும்பப் பார்த்தேன். சராசரி அடிகளுக்கு நடுவில் ஒரு கிரிட்டிகல் எந்த டர்னில் விழுந்தாலும், எட்டு முட்டையும் தீர்ந்து பதினான்காவது டர்ன் வரும்வரை சேன்ஸி உயிரோடுதான் இருக்கிறது. முட்டையை மிச்சம் பிடிப்பதற்காக எழுதிய வரிசை இதற்கும் ஈடு கொடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதிகாரபூர்வப் போட்டிகள் இரட்டையர் முறையில் நடப்பவை, பக்கத்துக்கு இரண்டு உயிரி ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். அங்கே ஸ்டால் நிற்பது கடினம். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றையே அடித்தால் பாதிக் கோடு ஒரே டர்னில் உடைந்துவிடும். கடிகாரமும் உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் ஸ்டால் ஆடுகிறவர்களைச் சிலர் நேரத்தைக் கொல்கிறவர்கள் என்று திட்டுவதை அவன் காட்டினான். வேண்டுமென்றே மெதுவாகப் பொத்தானை அழுத்துகிறவரைத் திட்டட்டும். கணக்குப் போட்டுப் புலியை அடைக்கிறவரைத் திட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விளக்கு வைத்த பிறகு அவன் மறுபடி ஆடினான். பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முட்டை தின்றால் ஒரு கோடு. எதிராளியிடமும் ஒரு கார்சோம்ப் இருந்தது. முதல் அடிக்கு அவன் முட்டையைத் தொடவில்லை, பாறையைப் பரப்பினான். ஐந்தாவது டர்னுக்குள் மூன்று கோடு. ஆறாவது டர்னில் எதிராளி ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடியது. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், முட்டைப் பக்கம் போகாமல் சேன்ஸியை உள்ளே இழுத்து டோண்டோஸோவை இறக்கினான். எதிராளி ஏற்றிக்கொண்ட தாக்குதலைக் கண்டுகொள்ளாமல் பழைய கணக்கிலேயே அடி வாங்கும் மீன் அது. இரட்டித்த எர்த்குவேக் அதன்மேல் சாதாரண எர்த்குவேக்காக விழுந்தது.

"அஞ்சு முட்டை மிச்சம் ஆயா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.