பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக எத்தனை நாள் அவகாசம்?

கிணற்றில் சாயக்கழிவு இறங்குகிறது, ஏரிக்குள் குப்பை கொட்டி எரிக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. இப்படி அலைகிற பலர் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தைப் பற்றிக் கேள்விப்படுவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. அதனால் கெடுவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2010ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். அதிகாரிகளின் பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களைக் கழித்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இழப்பீடோ, கெட்டுப்போன இடத்தைச் சீரமைப்பதோ கேட்டால் அது 15ஆவது பிரிவு. அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆறு மாதம் தாண்டியவர்கள் இந்த வழியையும் பார்க்க வேண்டும்.

வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் 1 சதவீதம்; வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தமிழ்நாட்டு மனுக்களை விசாரிக்கும் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். புல எண், தேதி தெரியும் போட்டோக்கள், அலுவலக சீல் விழுந்த மனு நகல், பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எல்லாம் வேண்டும். அப்புறம், மாசு செய்யும் ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையை, அதாவது அனுமதி உத்தரவை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அதை மீறியிருந்தால் உங்கள் வாதத்தில் பாதி முடிந்த மாதிரி.

எல்லாப் புகாரும் இங்கே எடுபடாது. தண்ணீர், காற்று, காடு, சுற்றுச்சூழல் போன்ற ஏழு சட்டங்களுக்குள் வர வேண்டும். பாதிப்பும் பொதுவாக ஊர் மக்களைத் தொடுவதாக இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

தீர்ப்பு பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சாதகமாக வந்தும் ஆலை அடங்கவில்லையா? சிவில் கோர்ட் டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) உள்ள அதே பலம் இந்த உத்தரவுக்கும் உண்டு. புதிய வழக்கு வேண்டாம். உத்தரவை நிறைவேற்றச் சொல்லி அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டால் போதும்.